தூண்டில் பிடித்த துணிக்கடைக்காரர்

துணிக்கடை வைத்துப் பிழைத்த ஒருவர், மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது வெளிவந்து 370 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்ட அந்தப் புத்தகம் இன்றும் விற்பனையாகிறது.

அவர் பெயர் ஐசக் வால்டன். இங்கிலாந்து நாட்டுக்காரர்.

அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. பிறந்த குழந்தைகளில் எட்டுப் பேரைத் தம் கையாலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். நாடு இரண்டுபட்டு, ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட காலத்தில் வாழ்ந்தவர்.

அப்படிப்பட்டவர் எழுதிய புத்தகத்தில் கோபம் இல்லை. புலம்பல் இல்லை. ஆறும், மீனும், புல்வெளியும், நல்ல நண்பர்களுமே இருக்கிறார்கள்.

இத்தனை துன்பத்துக்கு நடுவே அந்த மன அமைதி அவருக்கு எங்கே கிடைத்தது? அவருடைய வாழ்க்கையே அதற்குப் பதில்.

தகப்பனார் இல்லாத பிள்ளை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாபோர்டு என்று ஓர் ஊர். 1593-ம் ஆண்டு வால்டன் அங்கே பிறந்தார். ஆகஸ்டு 9-ந் தேதியை அவரது பிறந்த நாளாகக் கொள்வது வழக்கம். செப்டம்பர் 21-ந் தேதி ஊர்த் தேவாலயத்தில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது.

தகப்பனார் மதுக்கடை நடத்தி வந்தவர். மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே, 1597-ல், அவர் இறந்து போனார். தாயார் வேறொருவரை மணந்து கொண்டார்.

பையன் வளர்ந்ததும் தலைநகரமான லண்டனுக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவனுடைய சகோதரியின் கணவர் துணி வியாபாரம் செய்து வந்தார். அவரிடம் பையன் தொழில் பழகினான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தொழில் கற்பது சுலபம் அல்ல. ஒரு முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். பிறகு ஏதாவது ஒரு வணிகர் சங்கத்தில் உறுப்பினர் ஆக வேண்டும். அப்போதுதான் சொந்தமாகக் கடை வைக்கலாம்.

வால்டன் 1618-ல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். விற்றது துணி, சேர்ந்தது இரும்பு வணிகர் சங்கம். அந்த நாளில் அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

பிளீட் தெருவில் கடை

லண்டனில் பிளீட் தெரு சந்தடி மிகுந்த இடம். வால்டனின் கடை அந்தத் தெருவில் இருந்தது. அளந்து கிழிப்பதும், மடித்துக் கொடுப்பதும், கணக்கு எழுதுவதுமாகப் பொழுது போயிற்று.

ஓய்வு கிடைத்தால் வால்டன் தூண்டிலை எடுத்துக் கொள்வார். லண்டனுக்கு வடக்கே லீ என்ற ஆறு ஓடுகிறது. அவருக்கு மிகவும் பழக்கமான ஆறு அது. பொடிநடையாகவே அங்கே போய்விடுவார்.

கடைக்குப் பக்கத்தில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயம் இருந்தது. 1624-ல் அந்தத் தேவாலயத்தின் பொறுப்பு ஜான் டன் என்பவரிடம் வந்தது. அவர் பெரிய கவிஞர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க லண்டனே திரண்டு வரும்.

துணிக்கடைக்காரரும் கவிஞரும் நண்பர்கள் ஆனார்கள். டன் மூலமாக வேறு பல படித்தவர்களின் பழக்கமும் வால்டனுக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் சர் ஹென்றி ஊட்டன். வெனிஸ் நகரில் இங்கிலாந்தின் தூதராக இருந்தவர். அவரும் தூண்டில் பிரியர்.

பட்டம் பெற்றவர்களோடு பழக வால்டன் கூச்சப்படவில்லை. அவர்களும் அவரைக் கடைக்காரர் என்று ஒதுக்கவில்லை. பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் குணம் அவரிடம் இருந்தது. அந்தக் குணம் எல்லோரையும் இழுத்தது.

ஏழு சிறு கல்லறைகள்

1626 டிசம்பரில் வால்டனுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் ரேச்சல். நல்ல குடும்பத்துப் பெண்.

அவர்களுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தார்கள். ஏழு பேரில் ஒருவர் கூடப் பிழைத்து வளரவில்லை.

அந்தக் காலத்து லண்டனில் சாக்கடை வசதி கிடையாது. நல்ல தண்ணீர் கிடையாது. கொள்ளை நோய் அடிக்கடி தலைகாட்டும். குழந்தைகள் சாவது வீட்டுக்கு வீடு நடந்த துயரம். ஆனாலும் ஏழையும் இழப்பது எத்தனை பெற்றோரால் தாங்கக் கூடியது?

1640-ல் ரேச்சலும் இறந்தார். ஒரு காலத்தில் குழந்தைச் சத்தம் கேட்ட வீடு வெறிச்சோடியது.

பேனா பிடித்தார்

அதே ஆண்டில்தான் வால்டனின் முதல் நூல் வெளிவந்தது. அதுவும் எதிர்பாராமல் நடந்தது.

ஜான் டன் 1631-ல் காலமாகிவிட்டார். அவருடைய பிரசங்கங்களைப் புத்தகமாக அச்சிட ஏற்பாடு நடந்தது. அதற்கு முன்னுரையாக டன்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதாக ஊட்டன் ஒப்புக் கொண்டிருந்தார். செய்திகளைத் திரட்டித் தரும் வேலை வால்டனுடையது.

1639 டிசம்பரில் ஊட்டன் இறந்து போனார். வரலாறு எழுதப்படவில்லை. பிரசங்கப் புத்தகமோ அச்சாகக் காத்திருந்தது.

வால்டன் தாமே எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது 46. துணி அளந்த கை எழுதிய அந்த வரலாறு படித்தவர்களை அசர வைத்தது. பிற்காலத்தில் ஊட்டன் உள்பட மேலும் நான்கு பேரின் வாழ்க்கையையும் அவர் எழுதினார். ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறு எழுதும் கலைக்கு வழி காட்டியவர்களில் அவரும் ஒருவர் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நாடு பிளந்தது

1642-ல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு பக்கம். பாராளுமன்றம் மறு பக்கம். மதச் சண்டையும் சேர்ந்து கொண்டது.

வால்டன் மன்னர் கட்சியைச் சேர்ந்தவர். பழைய தேவாலய முறையில் பற்று உள்ளவர். லண்டனோ பாராளுமன்றத்தின் கோட்டை. அவருடைய பாதிரி நண்பர்கள் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். பழைய பிரார்த்தனைப் புத்தகத்துக்கும் 1645-ல் தடை வந்தது.

1649 ஜனவரி 30-ந் தேதி மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது. ஆட்சி ஆலிவர் கிராம்வெல் கட்சியின் கைக்கு வந்தது.

இதற்கிடையே வால்டன் மறுமணம் செய்து கொண்டார். மனைவியின் பெயர் ஆன். 1648-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிழைத்தது. அடுத்துப் பிறந்த பையன் சில மாதங்களிலேயே இறந்தான். 1651-ல் மறுபடியும் ஒரு பையன் பிறந்தான். இறந்த குழந்தைக்கு வைத்த ஐசக் என்ற பெயரையே இவனுக்கும் வைத்தார்கள். இவன் பிழைத்துக் கொண்டான்.

மன்னரின் பதக்கம்

1651 செப்டம்பர் 3-ந் தேதி ஊஸ்டர் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் தோற்று ஓடினார். அவருடைய பொருள்கள் எதிரிகள் கையில் சிக்கின. ஒரு விலையுயர்ந்த பதக்கம் மட்டும் தப்பியது. அது மன்னர் அணிந்த அரச அடையாளம்.

மன்னரின் தளபதி ஒருவர் அதை ஸ்டாபோர்டு பக்கத்தில் ஒரு வீட்டில் மறைத்து வைத்தார். பிறகு அவர் பிடிபட்டு லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். பதக்கம் கைமாறிக் கைமாறி வால்டனிடம் வந்து சேர்ந்தது.

சாலைகளில் எங்கும் சோதனை. பதக்கத்தோடு பிடிபட்டால் அதோடு கதை முடிந்தது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

வால்டன் அதை லண்டனுக்குக் கொண்டு போய், சிறையில் இருந்த தளபதியிடமே பத்திரமாகச் சேர்த்தார். தளபதி சிறையிலிருந்து தப்பிக் கடல் கடந்து போனார். பதக்கம் மன்னர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

58 வயதுத் துணி வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? சாதுவான அந்த முகமே அவருக்குக் கவசமாக இருந்திருக்க வேண்டும்.

18 பென்சு புத்தகம்

1653-ல் வால்டனின் மீன் பிடிப்புப் புத்தகம் வெளிவந்தது. தி கம்ப்ளீட் ஆங்லர் என்பது அதன் பெயர். தூண்டில் கலையை முழுமையாக அறிந்தவர் என்று பொருள். விலை 18 பென்சு. ஆசிரியருக்கு வயது 59.

புத்தகம் கதை போல ஓடுகிறது. ஒரு மே மாதக் காலையில் ஒரு தூண்டில்காரர் லண்டனிலிருந்து வடக்கே நடந்து போகிறார். வழியில் வேறொருவர் சேர்ந்து கொள்கிறார். பிற்பாடு வந்த பதிப்புகளில் அவர் ஒரு வேட்டைக்காரர். நாய்களை விட்டு நீர்நாய் வேட்டையாடப் போகிறவர்.

யாருடைய தொழில் உயர்ந்தது என்று பேச்சு எழுகிறது. சண்டை வரவில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறார். கடைசியில் வேட்டைக்காரர் தூண்டில்காரருக்கே சீடர் ஆகிவிடுகிறார். இருவரும் லீ ஆற்றங்கரையில் சில நாள்கள் மீன் பிடிக்கிறார்கள்.

மழை வந்தால் பூத்துக் கிடக்கும் வேலிக்கு அடியில் ஒதுங்கிக் கொண்டு மீன்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பால் கறக்கும் பெண்ணையும் அவள் தாயையும் சந்திக்கிறார்கள். தூண்டில்காரர் தாம் பிடித்த மீனை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். பதிலுக்குக் கேட்பது ஒரு பாட்டு. இரவில் சத்திரத்தில் லாவெண்டர் பூ மணக்கும் விரிப்பில் படுத்து உறங்குகிறார்கள்.

அரசியல் பேச்சே இல்லை. ஆனால் அந்த நாளில் வீட்டை இழந்து, வேலையை இழந்து தவித்தவர்களுக்கு அந்தப் புத்தகம் ஒரு மருந்தாக இருந்தது.

சமையலும் உண்டு

வால்டன் சமையல் குறிப்பும் கொடுக்கிறார். சப் என்று ஒரு மீன். முள் அதிகம், ருசி குறைவு என்று எல்லோரும் ஒதுக்கும் மீன். அதையும் ருசியாகச் செய்யலாம் என்கிறார்.

செதிலைச் சீவிக் கழுவ வேண்டும். செவுளுக்குப் பக்கத்தில் சிறிய துளை போட்டுக் குடலை எடுக்க வேண்டும். தொண்டையில் இருக்கும் பாசியைச் சுத்தமாக நீக்க வேண்டும். வயிற்றுக்குள் வாசனை இலைகளை வைத்து, கம்பியில் கோத்து நெருப்பில் வாட்ட வேண்டும். வாட்டும்போதே உப்புச் சேர்த்த வெண்ணெயும் புளித்த காடியும் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

மீனில் குறை இல்லை; பக்குவத்தில்தான் குறை என்பது அவர் கட்சி.

டிரவுட் என்னும் மீன்

வால்டன் மிகவும் மதித்த மீன் டிரவுட். குளிர்ந்து, தெளிந்து, ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் வாழ்வது. உடம்பில் புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும்.

நம் சமவெளி ஆறுகளில் டிரவுட் கிடையாது. நீலகிரி மலை ஓடைகளில் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட இனம் அது. அவலாஞ்சியில் 1907-ல் அதற்கென்று குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். நீலகிரியில் இருப்பது வானவில் டிரவுட். வால்டன் பிடித்தது ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். கல்லின் மறைவில் பதுங்கியிருக்கும். ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சியையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும். கரையில் ஒரு நிழல் அசைந்தாலும் மறைந்துவிடும். முட்டையிடும் பருவம் வந்தால் ஓட்டத்தை எதிர்த்து ஏறி, சரளைக்கல் படிந்த இடத்தைத் தேடிப் போகும்.

இந்த மீனைப் பிடிக்க அவசரக்காரரால் ஆகாது. சத்தம் போடக் கூடாது. ஒரே இடத்தில் அசையாமல் இருக்கப் பழக வேண்டும். தண்ணீரைப் பார்த்துப் பார்த்து அதன் போக்கைப் படிக்க வேண்டும். வால்டன் பல ஆண்டுகள் பழகியது இதுதான்.

பொய்யான ஈ

அந்தக் காலத்தில் நைலான் நரம்பு கிடையாது. குதிரையின் வால் முடியை முறுக்கித்தான் தூண்டில் கயிறு செய்வார்கள். முடி உருண்டையாகவும், ஒரே கனமாகவும், தெளிவாகவும் இருக்க வேண்டும் என்று வால்டன் சொல்லிக் கொடுக்கிறார்.

இரை மூன்று வகை. மண்புழு, சிறு மீன், ஈ. ஈ என்றால் உயிருள்ள ஈயும் உண்டு. மனிதன் செய்த ஈயும் உண்டு. பறவை இறகு, கம்பளி, பட்டு நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின் மேல் சுற்றிக் கட்டினால் நிஜ ஈ போலவே இருக்கும். தண்ணீரின் மேல் அதைப் பதமாக வீசினால் டிரவுட் ஏமாந்து பாயும். இப்படி 12 வகை ஈக்களை வால்டன் விவரிக்கிறார்.

இந்தப் பகுதியில் தமக்கு அனுபவம் குறைவு என்பதை அவர் மறைக்கவில்லை. தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரரிடம் கற்றதாக ஒப்புக் கொள்கிறார்.

குறை சொன்னவர்கள்

வால்டனின் புத்தகத்தில் தவறுகளும் உண்டு. பைக் என்ற மீன்களில் சில நீர்ச்செடியிலிருந்து உண்டாவதாகவும், விலாங்கு பனித்துளியிலிருந்து பிறப்பதாகவும் பழைய நூல்கள் கூறின. அவரும் அவற்றைப் பெரிதும் நம்பி எழுதி வைத்தார்.

ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அட்லாண்டிக் கடலில், சர்காசோ என்ற பகுதியில் இருக்கிறது. இதை டென்மார்க் விஞ்ஞானி ஜோகன்னஸ் ஷ்மிட் கண்டறிந்து 1922-ல் வெளியிட்டார்.

ரிச்சர்டு பிராங்க் என்பவர் கிராம்வெல் படையில் இருந்தவர். அவரும் தூண்டில்காரர்தான். வால்டன் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியவர் என்று அவர் ஏளனம் செய்தார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1577-ல் அச்சான ஒரு பழைய தூண்டில் நூலின் ஒரே பிரதி 1950-களில் கிடைத்தது. வால்டன் அதைப் படித்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது.

தவளையை உயிரோடு முள்ளில் குத்தி இரையாக்கும் வழியையும் வால்டன் சொல்லியிருந்தார். அதைப் படித்துக் கொதித்தவர் கவிஞர் பைரன். வால்டனின் தொண்டையில் முள்ளை மாட்டி ஒரு சிறிய டிரவுட் இழுக்க வேண்டும் என்று அவர் கவிதையில் திட்டினார்.

குறைகள் குறைகள்தான். ஆனாலும் வாசகர்கள் புத்தகத்தைக் கைவிடவில்லை. வால்டன் உயிரோடு இருந்தபோதே ஐந்து பதிப்புகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவர் திருத்தினார், புதிதாகச் சேர்த்தார். முதல் பதிப்பில் 13 அத்தியாயங்கள். 1676-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 21.

மறுபடியும் தனிமை

1660-ல் மன்னராட்சி திரும்பியது. வால்டனின் நண்பர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. ஜார்ஜ் மார்லி என்ற நண்பர் ஊஸ்டர் நகரின் பிஷப் ஆனார். அவர் வால்டனைத் தம் நிர்வாகப் பொறுப்பாளராக வைத்துக் கொண்டார்.

துன்பம் அங்கேயும் விடவில்லை. 1662-ல் மனைவி ஆன் இறந்தார். ஊஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. 68 வயதில் வால்டன் இரண்டாவது தடவையாக மனைவியை இழந்தார்.

மார்லி பிறகு வின்செஸ்டர் நகருக்கு மாற்றப்பட்டார். வால்டனும் உடன் போனார். அந்த ஊரில் இட்சன் என்ற ஆறு ஓடுகிறது. சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் அந்தத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். டிரவுட் மீனுக்குப் பேர் போன ஆறு. முதியவருக்கு அது ஆறுதல்.

மகள் ஆன் ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டாள். மகன் ஐசக் படித்துப் பாதிரியார் ஆனார். இறந்த மனைவியின் தம்பி தாமஸ் கென், சிறு வயதில் பெற்றோரை இழந்தவர். வால்டன் குடும்பத்தின் அன்பில் வளர்ந்தவர். அவரும் பிஷப் ஆனார். அவர் இயற்றிய துதிப் பாடல்கள் இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கின்றன.

நண்பரின் மீன்பிடி வீடு

சார்லஸ் காட்டன் என்று ஓர் இளைய நண்பர் இருந்தார். கவிஞர், நிலக்கிழார், கடன்காரர்களுக்குப் பயந்து வாழ்ந்தவர். வால்டனை விட 36 வயது சிறியவர். குணத்தில் இருவரும் இரு துருவம். ஆனாலும் காட்டன் வால்டனைத் தந்தை என்றே அழைத்தார். ஏழு சிறு கல்லறைகளைக் கண்ட மனிதருக்கு அந்தச் சொல் எப்படி இனித்திருக்கும்!

காட்டனின் நிலத்தின் ஓரமாக டவ் என்ற ஆறு ஓடியது. பாறைகளுக்கும் மரங்களுக்கும் நடுவே வளைந்து வரும் அழகிய ஆறு. டிரவுட் நிறைந்தது. அதன் கரையில் 1674-ல் காட்டன் ஒரு சிறிய கல் வீடு கட்டினார். தூண்டில் பிடித்துக் களைத்தவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே கட்டிய வீடு. வாசலின் மேல் தம் பெயரின் முதல் எழுத்துகளையும் வால்டன் பெயரின் முதல் எழுத்துகளையும் பின்னிச் செதுக்கி வைத்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

செயற்கை ஈயைக் கொண்டு டிரவுட் பிடிக்கும் வழியைக் காட்டன் தனி நூலாக எழுதினார். பத்து நாள்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் எழுதி முடித்தார். மெல்லிய கயிறு வேண்டும். மீனுக்குத் தெரியாமல் தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் பாடம். வால்டன் அதை மகிழ்ச்சியோடு தம் ஐந்தாம் பதிப்பின் இரண்டாம் பாகமாகச் சேர்த்துக் கொண்டார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் சொல்ல வழி விட்டார். அப்போது அவருக்கு வயது 82.

உயில்

1683 ஆகஸ்டு 9-ந் தேதி வால்டன் தம் கையாலேயே உயில் எழுதத் தொடங்கினார். ஸ்டாபோர்டு அருகே ஷாலோபோர்டு என்ற இடத்தில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. மகனுக்குக் குடும்பம் அமையாவிட்டால் அந்தப் பண்ணை, பிறந்த ஊருக்கே சேர வேண்டும் என்று எழுதினார்.

பண்ணையின் வருமானத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் விளக்கமாக எழுதினார்.

ஆண்டுதோறும் 10 பவுன் இரண்டு ஏழைப் பையன்களுக்கு. அவர்களை ஒரு தொழில் பழகச் சேர்த்துவிட வேண்டும்.

5 பவுன் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு அல்லது ஏழை வீட்டுப் பெண்ணுக்கு. அவளுடைய கல்யாணச் செலவுக்கு அது உதவும்.

மிச்சம் உள்ளதில் ஏழைகளுக்கு நிலக்கரி. ஜனவரி கடைசி வாரத்தில் அல்லது பிப்ரவரி முதல் வாரத்தில் அதைக் கொடுக்க வேண்டும். ஏழைகளைக் குளிர் மிகவும் வாட்டுவது அப்போதுதான் என்று காரணமும் எழுதினார்.

நண்பர்களுக்கு மோதிரங்கள் கொடுக்க ஏற்பாடு செய்தார். உயிலுக்கு அவர் வைத்த முத்திரை, ஜான் டன் கொடுத்தது. டன் இறந்து 52 ஆண்டுகள் ஆகியும் அந்த முத்திரையை அவர் தொலைக்கவில்லை.

உறைந்த ஆறுகள்

அந்த ஆண்டு கடுங்குளிர். இங்கிலாந்தின் வரலாற்றில் பேர் பெற்ற குளிர் அது. லண்டனில் தேம்ஸ் ஆறே உறைந்து கெட்டியாகி, அதன் மேல் கடைகள் போட்டு வியாபாரம் நடந்தது.

அந்தக் குளிர்காலத்தில், 1683 டிசம்பர் 15-ந் தேதி, வின்செஸ்டரில் மகள் குடும்பத்தாரின் அருகில் ஐசக் வால்டன் காலமானார். வயது 90. வின்செஸ்டர் பெரிய தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

1914-ல் அவர் கல்லறை இருக்கும் இடத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று அமைக்கப்பட்டது. இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சேர்ந்து செய்தது. இட்சன் ஆற்றங்கரையில் வால்டன் உட்கார்ந்து படிக்கும் காட்சி அதில் இருக்கிறது. அமைதியாக வாழப் பழகச் சொல்லும் பைபிள் வாசகம் கீழே இருக்கிறது. தம் புத்தகத்தை அவர் அந்த வாசகத்தோடுதான் முடித்திருந்தார்.

கடல் கடந்த பெயர்

1922-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 54 தூண்டில்காரர்கள் கூடினார்கள். ஆறுகளில் ஆலைக் கழிவு கலப்பதையும், மீன்கள் அழிவதையும் தடுக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஐசக் வால்டன் சங்கம்.

அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில் பாஸ் என்ற மீன் முட்டையிடும் தாழ்வான நீர்நிலைகளை வடித்து நிலமாக்கத் திட்டம் எழுந்தது. சங்கம் போராடியது. 1924-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் செய்து, அந்த ஆற்றுப் பகுதியை மீன்களுக்கும் பறவைகளுக்கும் காப்பிடமாக ஒதுக்கியது. அங்கே மீன்கள் இன்றும் துள்ளுகின்றன.

சண்டையை வெறுத்த மனிதரின் பெயரால் ஓர் ஆறு காப்பாற்றப்பட்டது!

அந்த இரண்டு பையன்கள்

வால்டனின் மகன் கடைசி வரை திருமணம் செய்து கொள்ளவில்லை. உயிலின்படி பண்ணை ஸ்டாபோர்டு ஊருக்கே சேர்ந்தது. ஷாலோபோர்டில் உள்ள கூரை வீடு இப்போது வால்டன் நினைவு இல்லம்.

புத்தகத்தால் வால்டனுக்குக் கிடைத்த புகழ் பெரிது. ஆனால் அவருடைய மனத்தைக் காட்டுவது அந்த உயில்தான்.

நான்கு வயதுக்குள் தகப்பனாரை இழந்த ஒரு பையன், யாரோ ஒருவர் தொழில் கற்றுக் கொடுத்ததால் மனிதன் ஆனான். 90 வயதில் அவன் அதை மறக்கவில்லை. ஏழு பிள்ளைகளை வளர்க்கக் கொடுத்து வைக்காதவர், ஆண்டுக்கு இரண்டு ஏழைப் பிள்ளைகள் தலையெடுக்க வழி செய்துவிட்டுப் போனார்.